கணையக் கல் நீரிழிவு: செரிமான நொதியே கணையத்தைச் சிதைப்பது எப்படி?

போர்ட் கொச்சி: போர்ட் கொச்சி, மட்டாஞ்சேரி வீடுகளில் மரவள்ளிக்கிழங்கும் மீன் குழம்பும் இன்றும் விரும்பி உண்ணப்படும் உணவு. கேரளத்தில் 'கப்ப' எனப்படும் இந்தக் கிழங்கின் மீது சுமார் அரை நூற்றாண்டுக்கு முன்பு மருத்துவ உலகம் கடுமையான சந்தேகம் ஒன்றை எழுப்பியது. ஒல்லியான இளம் வயதினரைத் தாக்கி, கணையத்தில் கற்களை உருவாக்கி, இறுதியில் நீரிழிவில் கொண்டுவிடும் ஒரு நோய்க்கு இக்கிழங்கே காரணமாக இருக்கலாம் என்பதுதான் அது. பின்னர் வந்த ஆய்வுகள் வேறு திசையைக் காட்டின. புரதங்களை வெட்டும் நொதிகளுக்கும், அவற்றைக் கட்டுக்குள் வைக்கும் மரபணுக்களுக்கும் இந்நோயில் பெரும் பங்கு உண்டு என்பது தெரியவந்தது.

நாட்டிலேயே நீரிழிவு மிகுந்த மாநிலங்களில் கேரளமும் ஒன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை நடத்திய நாடு தழுவிய ஆய்வின் முடிவுகள் 2023-ஆம் ஆண்டில் வெளியாகின. அதன்படி கேரளத்தில் வயது வந்தோரில் 25.5 சதவீதம் பேருக்கு நீரிழிவு உள்ளது. கோவா 26.4 சதவீதத்துடனும் புதுச்சேரி 26.3 சதவீதத்துடனும் முன்னிலையில் உள்ளன. நாடு முழுவதும் 10.1 கோடி பேர் நீரிழிவுடன் வாழ்வதாக அந்த ஆய்வு மதிப்பிட்டது.

இவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இருப்பது இரண்டாம் வகை நீரிழிவு. அந்தப் பெருங்கூட்டத்துக்குள் கணையக் கல் நீரிழிவு கொண்ட சிறுபான்மையினர் எளிதில் மறைந்துபோகின்றனர். மருத்துவ நூல்கள் 'ஃபைப்ரோகால்குலஸ் கணைய நீரிழிவு' என்று குறிப்பிடும் இந்நோய்க்கான சிகிச்சை வேறு, எச்சரிக்கைகளும் வேறு. எனவே, அடையாளம் தவறினால் நோயாளி பல ஆண்டுகளை இழக்க நேரிடும்.

ஓர் உறுப்பு, இரு வேலைகள்

இரைப்பைக்குப் பின்னால் குறுக்காக அமைந்துள்ள கணையம் இரு வேறு வேலைகளைச் செய்கிறது. அதன் பெரும்பகுதி, உணவைச் செரிக்கும் நொதிகளைச் சுரந்து நாளம் வழியாகச் சிறுகுடலுக்கு அனுப்புகிறது. எடையில் நூற்றில் ஓரிரு பங்கே உள்ள 'லாங்கர்ஹான்ஸ் திட்டுகள்' இன்சுலின் உள்ளிட்ட ஹார்மோன்களைச் சுரந்து நேரடியாக இரத்தத்தில் சேர்க்கின்றன.

இந்த இரண்டும் அருகருகே அமைந்திருப்பது உண்மையில் ஆபத்தான ஏற்பாடு. செரிமானப் பகுதி சுரக்கும் நொதிகளில் முதன்மையான ட்ரிப்சின், புரதத்தை வெட்டும் கத்தரிக்கோல் போன்றது. இன்சுலினோ ஒரு சிறு புரதம். இன்சுலினை மாத்திரையாக விழுங்க முடியாமல் ஊசியாகச் செலுத்த வேண்டியிருப்பதற்கு, செரிமான நொதிகள் அதைத் துண்டாடிவிடும் என்பதே ஒரு முக்கியக் காரணம்.

இன்சுலின் கண்டுபிடிப்பின் வரலாறும் இந்த நெருக்கத்திலிருந்தே தொடங்குகிறது. 1920-ஆம் ஆண்டு அக்டோபர் இறுதியில், கனடா மருத்துவர் பிரெடரிக் பான்டிங் ஓர் ஆய்விதழில் மோசஸ் பேரன் என்பவரின் கட்டுரையைப் படித்தார். கல் ஒன்று அடைத்துக்கொண்ட கணையத்தைப் பற்றிய கட்டுரை அது. நாளம் அடைபட்டதால் செரிமானச் செல்கள் அழிந்திருந்தன. இன்சுலின் திட்டுகள் மட்டும் எஞ்சியிருந்தன. அப்படியானால், நாளத்தைக் கட்டிவிட்டுச் செரிமானச் செல்கள் அழிந்தபின் சாற்றை எடுத்தால், நொதிகளால் சிதையாத ஹார்மோன் கிடைக்குமே என்று பான்டிங் எண்ணினார். நாளத்தைக் கட்டாமலேயே, அமிலம் கலந்த ஆல்கஹாலின் உதவியால் நொதிகளை அடக்கி இன்சுலினைப் பிரிக்கலாம் என்பது விரைவிலேயே தெரிந்தது. 1922 ஜனவரியில் டொரன்டோவில் லெனார்ட் தாம்சன் என்ற சிறுவனுக்கு முதன்முதலாக அந்தச் சாறு செலுத்தப்பட்டது. பான்டிங்கின் வழிமுறை அத்தனை சரியானதல்ல. ஆனால், அவரைத் தூண்டியது ஒரு கணையக் கல் என்பது கவனத்துக்குரியது.

வெட்டினால்தான் இன்சுலின்

புரதத்தை வெட்டும் நொதிகள் இன்சுலினுக்கு எதிரிகள் மட்டுமல்ல. அவை இல்லையென்றால் இன்சுலினே இல்லை.

பீட்டா செல்களில் இன்சுலின் முதலில் 110 அமினோ அமிலங்கள் கொண்ட நீண்ட சங்கிலியாக உருவாகிறது. முகவரிச் சீட்டைப் போன்ற 24 அமினோ அமிலங்கள் முதலில் வெட்டப்பட, 86 அமினோ அமிலங்கள் கொண்ட 'புரோஇன்சுலின்' மிஞ்சுகிறது. 1967-ஆம் ஆண்டில் சிகாகோ பல்கலைக்கழகத்தின் டொனால்ட் ஸ்டெய்னர் இந்த முன்னோடிப் புரதத்தை வெளிப்படுத்தியபோது, இன்சுலினின் இரு சங்கிலிகளும் தனித்தனியே உருவாகிப் பின்னர் இணைவதாக நிலவிய கருத்து வீழ்ந்தது. புரோஇன்சுலினின் நடுப்பகுதியைப் பி.சி.1, பி.சி.2 என்ற இரு நொதிகள் வெட்டுகின்றன. வெட்டிய முனைகளைக் கார்பாக்சிபெப்டிடேஸ்-ஈ என்ற மற்றொரு நொதி செதுக்கிச் சீராக்குகிறது. இறுதியில் 51 அமினோ அமிலங்கள் கொண்ட இன்சுலினும், 31 அமினோ அமிலங்கள் கொண்ட 'சி-பெப்டைடு' என்ற துண்டும் கிடைக்கின்றன.

அந்தத் துண்டு வீணல்ல. ஒவ்வோர் இன்சுலின் மூலக்கூறுடனும் ஒரு சி-பெப்டைடு வெளியேறுவதால், நோயாளியின் கணையம் சொந்தமாக எவ்வளவு இன்சுலின் சுரக்கிறது என்பதை அளக்க இன்றைய ஆய்வகங்கள் இதையே நம்பியுள்ளன. ஊசியாகப் போடும் இன்சுலினில் சி-பெப்டைடு கிடையாது.

இந்த வெட்டு வேலை தவறினால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. குழந்தைப் பருவம் முதலே கடும் உடல் பருமனும் சர்க்கரைக் கட்டுப்பாட்டில் கோளாறும் கொண்ட ஒரு பெண்ணின் இரத்தத்தில் புரோஇன்சுலின் மிகுந்தும் இன்சுலின் மிகக் குறைந்தும் இருந்ததை 1995-ஆம் ஆண்டில் பிரிட்டன் ஆய்வாளர்கள் பதிவு செய்தனர். பி.சி.1 நொதிக்கான மரபணுவில் குறை இருப்பது 1997-ஆம் ஆண்டில் உறுதியானது. இத்தகைய பிறவிக் குறை மிக அரிது. ஆனால், சாதாரண இரண்டாம் வகை நீரிழிவிலும், சோர்ந்துபோன பீட்டா செல்கள் முழுமையாக வெட்டப்படாத புரோஇன்சுலினை அதிக விகிதத்தில் வெளியேற்றுகின்றன. புரோஇன்சுலினுக்கு இன்சுலினின் ஆற்றலில் சிறு பங்கே உண்டு.

இன்சுலினின் கட்டளையை ஏற்கும் செல்களிலும் இதே கதைதான். செல்லின் மேற்பரப்பில் உள்ள இன்சுலின் ஏற்பியும் முதலில் ஒற்றைச் சங்கிலியாக உருவாகி, ஃபியூரின் என்ற நொதியால் இரண்டாக வெட்டப்பட்ட பிறகே முழுமை பெறுகிறது. வெட்டப்பட வேண்டிய இடத்தில் மரபணுப் பிழை இருந்ததால் இன்சுலினுக்குச் செல்கள் பெரிதும் செவிசாய்க்காத ஒரு ஜப்பானிய நோயாளியைப் பற்றி 1988-ஆம் ஆண்டில் ஆய்வறிக்கை வெளியானது. அந்த நோயாளியின் செல்களை ஆய்வகத்தில் மென்மையாக ட்ரிப்சினுக்கு உட்படுத்தியபோது, அவை இன்சுலினைப் பற்றிக்கொள்ளும் திறன் பல மடங்கு உயர்ந்தது. உடல் செய்யத் தவறிய வெட்டை, வெளியிலிருந்து வந்த கத்தரிக்கோல் செய்து முடித்தது எனலாம்.

வேலை முடிந்த இன்சுலினை அழிக்கவும் நொதி உண்டு. 1949-ஆம் ஆண்டிலேயே அறியப்பட்ட இந்த இன்சுலின் சிதைப்பு நொதியைத் தடுத்தால் நீரிழிவுக்கு மருந்து கிடைக்குமே என்ற எண்ணம் நீண்டகாலமாக இருந்து வந்தது. 2014-ஆம் ஆண்டில் ஹார்வர்டு விஞ்ஞானிகள் அத்தகைய தடுப்பான் ஒன்றை எலிகளிடம் சோதித்தனர். வாய்வழி குளுக்கோஸ் கொடுத்தபோது பலன் தெரிந்தது. அதே நொதி, சர்க்கரையை உயர்த்தும் குளுக்ககானையும் அழிக்கிறது என்பதும் அப்போது தெளிவானது. ஒரே கத்தரிக்கோல் பல நூல்களை வெட்டும்போது, அதைப் பிடுங்கி வைப்பதால் நன்மை மட்டுமே விளையும் என்று எதிர்பார்க்க இயலாது.

பூட்டுகள் திறந்துகொண்டால்

இவ்வளவு கூர்மையான நொதிகளைத் தயாரிக்கும் கணையம், அவற்றால் தானே செரிக்கப்படாமல் இருப்பது எப்படி? கணைய அழற்சியை, கணையம் தன்னைத் தானே செரித்துக்கொள்ளும் நிலையாக 1896-ஆம் ஆண்டிலேயே விளக்கியவர் ஹான்ஸ் கியாரி என்ற நோயியல் அறிஞர். அந்த அழிவு நேராமல் தடுக்க இயற்கை பல பூட்டுகளைப் போட்டு வைத்துள்ளது.

முதலாவதாக, ட்ரிப்சின் கணையத்தில் ட்ரிப்சினாகச் சுரப்பதில்லை. உறையிலிட்ட கத்தியைப் போல 'ட்ரிப்சினோஜன்' என்ற செயலற்ற வடிவில் சுரக்கிறது. சிறுகுடலை அடைந்த பிறகே அங்குள்ள நொதி ஒன்று உறையைக் கழற்றுகிறது. இரண்டாவதாக, கணையத்துக்குள்ளேயே தவறுதலாக ஒரு சிறு பகுதி விழித்துக்கொண்டால், அதைப் பற்றிப் பிடித்து முடக்க 'ஸ்பிங்க்-1' என்ற தடுப்புப் புரதம் காத்திருக்கிறது. மூன்றாவதாக, கைமோட்ரிப்சின்-சி என்ற நொதி, முன்கூட்டியே செயல்பட முனையும் ட்ரிப்சினோஜனைச் சிதைத்துவிடுகிறது.

இந்தப் பூட்டுகள் பழுதானால் ட்ரிப்சின் கணையத்துக்குள்ளேயே செயல்படத் தொடங்கும். அது மற்ற நொதிகளையும் எழுப்பிவிடும். மீண்டும் மீண்டும் அழற்சி ஏற்பட்டு, மென்மையான திசு நாராக இறுகும். நாளங்களில் புரதம் படிந்து, அதன்மீது சுண்ணாம்பு சேர்ந்து கற்களாகும். நார்த்திசு நெருக்கும்போது அருகிலுள்ள இன்சுலின் திட்டுகளும் அழிகின்றன. அதன் பின்னரே நீரிழிவு வருகிறது. அதாவது, இங்கு நோய் தொடங்குவது செரிமானப் பகுதியில். சர்க்கரை உயர்வது அதன் விளைவு.

கேரளத்தின் பங்களிப்பு

வெப்ப மண்டல நாடுகளில் இளம் வயதினருக்கு வரும் இந்நோயை 1959-ஆம் ஆண்டில் இந்தோனேசியாவிலிருந்து சுயிடெமா என்ற மருத்துவர் விவரித்தார். ஆயினும், உலகின் கவனத்தைத் தென்னிந்தியாவின் பக்கம் திருப்பியவர் கேரள மருத்துவர் பி.ஜே. கீவர்கீஸ். ஏராளமான நோயாளிகளை எக்ஸ்ரே படங்களுடன் ஆராய்ந்து அவர் எழுதிய நூல் 1968-ஆம் ஆண்டில் வெளியானது. சிறுவயதில் வயிற்று வலி, பருவ வயதையொட்டி நீரிழிவு, நடுவயதுக்கு முன்பே மரணம் என்ற துயரமான வரிசையை மருத்துவ உலகம் அவர் வழியாகவே அறிந்தது. பெரும்பாலோர் வறுமையில் வாடியவர்கள், மெலிந்தவர்கள், மது அருந்தாதவர்கள்.

அந்த வறிய குடும்பங்களின் தட்டில் இருந்த மரவள்ளி, சந்தேகத்துக்கு உள்ளானதில் வியப்பில்லை. இக்கிழங்கில் சயனைடை வெளிவிடும் சேர்மம் உண்டு. அதன் நச்சை முறிக்க உடலுக்குக் கந்தகம் கொண்ட அமினோ அமிலங்கள் தேவை; புரதம் குறைந்த உணவில் அவை போதாது. எனவே சயனைடு கணையத்தைத் தாக்கக்கூடும் என்ற கருத்தை மெக்மில்லனும் கீவர்கீஸும் 1979-ஆம் ஆண்டில் முன்வைத்தனர். வாதம் கேட்பதற்குப் பொருத்தமாகவே இருந்தது. ஆனால், மரவள்ளியை உண்ணாத பகுதிகளிலும் இந்நோய் இருந்தது. சென்னை ஆய்வாளர்கள் எலிகளுக்கு நீண்டகாலம் மரவள்ளி கொடுத்துப் பார்த்து, அவற்றுக்கு நீரிழிவோ கணைய அழற்சியோ உண்டாகவில்லை என்று 2000-ஆம் ஆண்டில் அறிவித்தனர். நன்கு வேகவைத்து நீரை வடித்துவிட்டு, மீனுடன் உண்ணப்படும் கொச்சி உணவின் மீது இன்று பழி சுமத்த ஆதாரமில்லை.

கதையின் அடுத்த பகுதி ஹைதராபாத்தில் எழுதப்பட்டது. அங்குள்ள உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தின் ஜி.ஆர். சண்டக் குழுவினர் 2002-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், வெப்ப மண்டலக் கணைய அழற்சி நோயாளிகளில் பாதிக்குச் சற்றுக் குறைவானோரிடம் ஸ்பிங்க்-1 மரபணுவில் 'என்34எஸ்' என்ற மாற்றம் காணப்பட்டது. ஆரோக்கியமானவர்களில் நூற்றில் ஒரு சிலரிடமே அது உண்டு. அதே காலகட்டத்தில் வங்கதேச நோயாளிகளிடம் நடந்த ஆய்வுகளும் இதே மாற்றத்தைச் சுட்டின. 2006-ஆம் ஆண்டில் ஹைதராபாத் குழுவினர், ட்ரிப்சினோஜனின் உறையைக் கழற்றக்கூடிய 'கத்தெப்சின்-பி' என்ற மற்றொரு நொதியின் மரபணு மாற்றத்துக்கும் இந்நோய்க்கும் தொடர்பு இருப்பதைக் கண்டறிந்தனர்.

இதை மிகைப்படுத்திப் புரிந்துகொள்ளக் கூடாது. என்34எஸ் மாற்றம் உள்ள பெரும்பாலோர் நோயின்றி வாழ்கின்றனர். நோயாளிகளில் கணிசமானோரிடம் அந்த மாற்றம் இல்லை. ஆய்வகச் சோதனைகளில் இந்த மாற்றம் தடுப்புப் புரதத்தின் செயலை நேரடியாகப் பாதிப்பதாகத் தெரியவில்லை. மரபணு, ஒரு பூட்டைச் சற்றுத் தளர்த்துகிறது. அதைத் திறப்பதில் ஊட்டச்சத்து, சுற்றுச்சூழல், பிற மரபணுக்கள் ஆகியவற்றின் பங்கும் இருக்கலாம் என்பதே இப்போதைய புரிதல்.

மருந்துச் சீட்டில் என்ன மாறுகிறது?

நோயாளியைப் பொறுத்தவரை, முக்கியமான கேள்வி இதுதான். மேல் வயிற்றில் தோன்றி முதுகுக்குப் பரவும் வலி, முன்னால் குனிந்தால் சற்றுக் குறையும் வேதனை, எண்ணெய்ப் பசையுடன் மிதக்கும் மலம், காரணமின்றி எடை குறைதல் ஆகியவை நீரிழிவுடன் சேர்ந்து காணப்பட்டால், மருத்துவரிடம் கணையத்தைப் பற்றிக் கேட்பது அவசியம். விலையுயர்ந்த சோதனைகள் உடனே தேவைப்படுவதில்லை. வயிற்றுப் பகுதியின் சாதாரண எக்ஸ்ரேயில் முதுகெலும்பின் இருபுறமும் வெண்மையான கற்கள் தெரியக்கூடும். அல்ட்ராசவுண்ட் பரிசோதனை நாள விரிவையும் காட்டும். மலத்தில் 'எலாஸ்டேஸ்' அளவைக் கணக்கிடும் பரிசோதனையும் உண்டு. அதுவும் கணையம் சுரக்கும் புரதம் வெட்டும் நொதியே. அதன் அளவு குறைந்திருந்தால் செரிமானப் பகுதி நலிந்துவிட்டது என்று பொருள்.

ஒல்லியான இளைஞருக்குச் சர்க்கரை மிக உயர்ந்திருந்தால் முதலாம் வகை நீரிழிவு என்று கருதத் தோன்றும். ஆனால், முதலாம் வகையில் இன்சுலின் நின்றால் இரத்தம் அமிலமாகி உயிருக்கே ஆபத்தாகும் கீட்டோஅசிடோசிஸ் நிலை, கணையக் கல் நீரிழிவில் அரிது. ஓரளவு இன்சுலின் எஞ்சியிருப்பதும், குளுக்ககான் சுரப்பும் சேர்ந்தே குறைவதும் இதற்குக் கூறப்படும் காரணங்கள். அந்தக் குளுக்ககான் குறைவு மறுபுறம் ஆபத்தானது. இன்சுலின் ஊசிக்குப் பின் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்தால், அதை மீட்டெடுக்க உடலிடம் போதிய ஆயுதம் இருக்காது. எனவே பலருக்கு இன்சுலின் தேவைப்பட்டாலும், அளவைக் கவனமாக நிர்ணயிக்க வேண்டியுள்ளது.

உணவைச் செரிக்க, கணைய நொதிகள் அடங்கிய கேப்சூல்கள் சாப்பாட்டுடன் கொடுக்கப்படுகின்றன. இவை பொதுவாகப் பன்றியின் கணையத்திலிருந்து எடுக்கப்படுபவை என்பதால், மத நம்பிக்கையோ உணவுப் பழக்கமோ காரணமாகத் தயங்குவோர் அதை மருத்துவரிடம் வெளிப்படையாகப் பேசிவிடுவது நல்லது. சொல்லாமல் நிறுத்திவிடுவோர் எடையும் வைட்டமின்களும் இழந்து மேலும் மெலிவர். நாளத்தை அடைத்த கற்களை அதிர்வலைகளால் உடைத்தோ எண்டோஸ்கோப்பி மூலமோ அறுவை சிகிச்சை மூலமோ அகற்றுவது வலியைத் தணிக்கும். அழிந்த இன்சுலின் செல்களை மீட்டுத் தராது.

அடுத்தது, இந்தியாவில் பெருமளவு விற்பனையாகும் 'கிளிப்டின்' வகை மாத்திரைகள். இவையும் புரதம் வெட்டும் நொதி ஒன்றையே குறிவைக்கின்றன. உணவு உண்டவுடன் குடலில் சுரக்கும் ஜி.எல்.பி.-1 ஹார்மோன், இன்சுலின் சுரப்பைத் தூண்டுகிறது. ஆனால், டி.பி.பி.-4 என்ற நொதி அதன் முனையிலுள்ள இரு அமினோ அமிலங்களை வெட்டிவிடுவதால், ஓரிரு நிமிடங்களிலேயே பாதி செயலிழக்கிறது. கிளிப்டின் அந்த வெட்டைத் தடுக்கிறது. சிட்டாகிளிப்டின் காப்புரிமை முடிந்ததும், 2022 செப்டம்பரில் மக்கள் மருந்தகங்களில் அதன் 50 மில்லிகிராம் மாத்திரைகள் பத்து, 60 ரூபாய்க்கு அறிமுகமாயின. சாதாரண இரண்டாம் வகை நோயாளிகளுக்கு இது பெரும் நிம்மதி.

ஆனால், கிளிப்டின் எடுத்துக்கொண்ட சிலருக்குக் கடும் கணைய அழற்சி ஏற்பட்டதாகப் பதிவுகள் உள்ளதால், முன்பே கணைய அழற்சி வந்தவர்களுக்கு எச்சரிக்கை தேவை என்று மருந்துக் குறிப்பேடுகள் கூறுகின்றன. மலிவாகவும் எளிதாகவும் கிடைக்கும் மாத்திரையை, பக்கத்து வீட்டுக்காரரின் சீட்டைப் பார்த்து வாங்கும் வழக்கம் இங்குதான் சிக்கலாகிறது. வயிற்று வலி வரலாறு உள்ள நீரிழிவு நோயாளி அதை மருத்துவரிடம் சொல்லாமல் விட்டால், மருந்துச் சீட்டு தவறான அனுமானத்தின் மீது எழுதப்படும்.

புற்றுநோய் அபாயமும் உண்டு. சென்னை நோயாளிகளைத் தொடர்ந்து கண்காணித்து 1994-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, வெப்ப மண்டலக் கணைய அழற்சி உள்ளோருக்குக் கணையப் புற்றுநோய் வாய்ப்பு சுமார் 100 மடங்கு அதிகம் என்று மதிப்பிட்டது. ஆராயப்பட்டோர் எண்ணிக்கை சிறிது என்பதால் அந்த மடங்கைத் துல்லியமாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆயினும், நீண்டகாலம் அடங்கியிருந்த வலி திடீரெனத் திரும்பினாலோ, மஞ்சள் காமாலை தோன்றினாலோ தாமதிக்கக் கூடாது.

மாறிவரும் முகம்

கீவர்கீஸ் கண்ட நோயும் இன்று காணப்படும் நோயும் ஒன்றுபோல் இல்லை. கொச்சி இடப்பள்ளியில் உள்ள அமிர்தா மருத்துவ அறிவியல் நிறுவனத்தின் வி. பாலகிருஷ்ணன் தலைமையில் 1,086 நாள்பட்ட கணைய அழற்சி நோயாளிகளிடம் நடத்தப்பட்ட நாடு தழுவிய ஆய்வு 2008-ஆம் ஆண்டில் வெளியானது. காரணம் புலப்படாத வகையே அதில் முதலிடம் பெற்றது. மதுவால் வருவது அடுத்த இடத்தில் இருந்தது. பழைய நூல்கள் வர்ணித்த முழுமையான வெப்ப மண்டல வடிவம் மிகச் சிலரிடமே காணப்பட்டது. நோய் இப்போது சற்று முதிர்ந்த வயதில், மிதமான வடிவில் வருகிறது. நோயாளிகள் நீண்டகாலம் வாழ்கின்றனர். மெலிந்த தோற்றம் என்ற பழைய அடையாளத்தை மட்டும் நம்பியிருந்தால் இன்று பலரைத் தவறவிட நேரிடும்.

வகைப்பாட்டிலும் இந்நோய் இடம் மாறிக்கொண்டே வந்துள்ளது. 1985-ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் இதை 'ஊட்டச்சத்துக் குறைவு சார்ந்த நீரிழிவு' என்ற பிரிவின் உட்பிரிவாக வைத்தது. 1999-ஆம் ஆண்டில் அந்தப் பிரிவே நீக்கப்பட்டு, கணையக் கல் நீரிழிவு 'கணைய நோய்களால் வரும் நீரிழிவு' என்ற தலைப்பின்கீழ் சென்றது. இதற்கிடையே, 2025 ஜனவரியில் வேலூரில் நிபுணர்கள் கூடி விவாதித்ததைத் தொடர்ந்து, ஊட்டச்சத்துக் குறைவால் வரும் நீரிழிவைச் சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு அதே ஆண்டு ஏப்ரலில் 'ஐந்தாம் வகை' என்று அங்கீகரித்தது. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதக் கூடாது. ஐந்தாம் வகையில் கணையத்தில் கற்கள் இல்லை. இளவயதில் கிடைக்காத ஊட்டமே அங்கு இன்சுலின் சுரப்பைக் குறைத்துவிடுகிறது. மெலிந்த ஓர் இளைஞர் நீரிழிவுடன் மருத்துவமனைக்கு வரும்போது, முதலாம் வகையா, ஐந்தாம் வகையா, கணையக் கல்லா என்பதைப் பிரித்தறிய உதவுபவை சி-பெப்டைடு அளவு, எதிர்ப்புரதச் சோதனை, வயிற்று எக்ஸ்ரே அல்லது அல்ட்ராசவுண்ட் ஆகியவையே.